நாய்க்குக் கழுத்துப்பட்டை வாங்கும்முன் தலையையும் அளந்துவிடுங்கள்

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கும் அன்பர் ஒருவரின் கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். காப்பகத்திலிருந்து எடுத்து வந்த ஏழு மாத நாட்டு நாய் ஒன்றை அவர் வளர்க்கிறார். எடை ஏறத்தாழ 14 கிலோ. தீபாவளிக்கு முந்தின இரவு நடைக்கு அழைத்துச் சென்றபோது பக்கத்துச் சந்தில் பட்டாசு வெடிக்க, மிரண்ட நாய் பின்னுக்கு நகர்ந்து, பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. இரண்டு மணி நேரம் அலைந்த பிறகே கண்டுபிடித்திருக்கிறார்கள். மறுநாளே பட்டையை இரண்டு துளை உள்ளே தள்ளி இறுக்கிவிட்டார். இப்போது கழுத்தைச் சுற்றி முடி உதிர்கிறது. லீஷை, அதாவது நடையின்போது நாம் கையில் பிடிக்கும் வாரை, நாய் இழுக்கும்போதெல்லாம் இருமுகிறது. எந்த அளவில், எந்த வகைப் பட்டை வாங்குவது என்று கேட்டிருக்கிறார்.

பினாங்கில் நாய்க் காப்பகம் ஒன்றில் பல ஆண்டுகளாக வார இறுதிகளில் உதவி வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். புதிதாக வரும் நாய்களுக்குப் பட்டை பூட்டுவதும், பழைய பட்டைகளைக் கழற்றி எறிவதும் அங்கே பெரும்பாலும் என் கையில்தான் விழும்.

முதலில் செய்ய வேண்டியது, இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த இரண்டு துளைகளையும் பழைய இடத்துக்கே தளர்த்திவிடுவது. அதன்பின் ஒரு வாரத்துக்கு நடைக்குப் பட்டையில் லீஷை மாட்டாதீர்கள். கழுத்தை விட்டு மார்பையும் உடலையும் சுற்றி அணியும் ஹார்னஸ் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ அதில் மாட்டுங்கள். இருமல் பட்டையினால் மட்டும் வந்ததென்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. காப்பகத்திலிருந்து வரும் நாய்களுக்குத் தொற்று இருமலும் உண்டு, முடி உதிர்வதற்குப் பூஞ்சையும் சொறியும் காரணமாகலாம். ஆகவே கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

உங்கள் நாய் தலையை உருவிக்கொண்டு போனதற்குப் பட்டை தளர்வாக இருந்ததே காரணம் என்று எண்ணி இறுக்கியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் நாயைப் போன்ற உடலமைப்புள்ள நாய்க்கு, சாதாரணப் பட்டையில் சரியான துளை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

எங்கள் காப்பகத்தில் இதே எடையுள்ள பழுப்பு நிற நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. அதன் கழுத்துச் சுற்றளவு 35 செ.மீ. காதுகளுக்குச் சற்று முன்னால், நெற்றியையும் தாடையையும் சுற்றி அளந்தால் தலையின் சுற்றளவு 38 செ.மீ. கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் விதி. அந்த இரண்டு விரல் இடைவெளிக்காகக் கழுத்தின் அளவோடு மூன்றிலிருந்து ஐந்து செ.மீ. வரை கூட்ட வேண்டியிருக்கும். அப்படியானால் விதிப்படி பூட்டிய பட்டையின் உள்சுற்றளவு 38 முதல் 40 செ.மீ. வரை வரும். தலையோ 38 செ.மீ.தான். நாய் பின்னுக்கு நகர்ந்து காதுகளை மடக்கிக்கொண்டால் பட்டை தானாகவே நழுவிவிடும். அதற்குப் பெரிய பலம்கூட வேண்டியதில்லை. நழுவாமல் இருக்க வேண்டுமானால் 36 செ.மீ.க்கு இறுக்க வேண்டும். அப்போது அது நாய் குனிந்து சோறு தின்னும்போதுகூட உறுத்தும். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு முகம் ஒடுங்கி, கழுத்து திரண்டு இருப்பதால் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. லாப்ரடோர் போன்ற நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை நன்றாகப் பெரியதாக இருப்பதால், அவற்றை வளர்ப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அவர்கள் சொல்லும் அறிவுரை உங்களுக்குப் பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

எனவே கடைக்குப் போகும்முன் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். துணி தைப்பவர்கள் வைத்திருக்கும் அளவு நாடா இருந்தால் நல்லது. இல்லையென்றால் பூக்கட்டும் நூலே போதும், சுற்றிய இடத்தில் பேனாவால் குறியிட்டுப் பிறகு அடிக்கோலில் வைத்து அளந்துகொள்ளலாம். நாய் நின்றுகொண்டிருக்க வேண்டும், தலை இயல்பான உயரத்தில் இருக்க வேண்டும். கையில் பிஸ்கட்டைக் காட்டினால் நாய் தலையைத் தூக்கும், கழுத்து நீண்டு மெலியும், அளவு குறைவாக வரும். இந்தத் தவற்றை நானே செய்து, வாங்கிய பட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கழுத்தை அளக்கும் இடம், தாடைக்கு அடியிலும் இல்லாமல் தோள்பட்டையிலும் இல்லாமல், பட்டை தானாகத் தங்கும் இடமாக இருக்க வேண்டும். பழைய பட்டை முடியில் ஒரு தடத்தை விட்டிருக்கும், அதைப் பின்பற்றலாம். முடி அடர்ந்த நாயாக இருந்தால் நாடா முடிக்குள் அமிழ்ந்து தோலைத் தொட வேண்டும். அடுத்து, மேலே சொன்னபடி தலையை அளந்து இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பட்டைகளின் மேல் எஸ், எம், எல் என்று போட்டிருக்கும் எழுத்துகளை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எஸ் ஆக இருக்கும்; செ.மீ. கணக்கு எழுதியிருந்தால் அதை மட்டும் பாருங்கள்.

இரண்டு விரல் சோதனையைப் பலர் தவறாகச் செய்கிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பக்கம் பக்கமாக ஒட்டி, தட்டையாக, கழுத்தின் பக்கவாட்டில் பட்டைக்கு அடியில் செலுத்த வேண்டும். தொண்டைப் பக்கம் செலுத்திப் பார்க்கக் கூடாது. அங்கே சதை மென்மையாக உள்வாங்கும், பட்டை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் விரல் நுழைந்துவிடும். விரல்கள் தடையில்லாமல் நுழைய வேண்டும். அதே வேளையில் விரலின் மேல் பட்டை படிவதை உணர வேண்டும். பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய நாய்களுக்கு ஒரு விரல் போதும். இது முடிந்ததும் பட்டையைப் பிடித்துக் காதுகளின் திசையில் முன்னோக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். காதுக்கு அடியில் வந்து நின்றுவிட்டால் சரி, காதைத் தாண்டி வந்தால் அந்த நாய்க்கு அந்த வகைப் பட்டை உதவாது. நாய் நிற்கும்போது ஒருமுறை, படுத்திருக்கும்போது ஒருமுறை எனச் சோதிப்பது நல்லது. இருந்த இடத்திலேயே பட்டையைக் கையால் சுழற்றினால் முடியைப் பிடித்து இழுக்காமல் சுழல வேண்டும் என்பதையும் நான் பார்ப்பதுண்டு.

இறுக்கத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம், பட்டை அழுத்தும் இடத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதுதான். மூச்சுக்குழாய் அங்கே தோலுக்குச் சற்று அடியிலேயே ஓடுகிறது. அதைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் திறந்தவையாக இருக்கின்றன. சிறிய இன நாய்களில் இந்த வளையங்கள் வயதாக ஆகத் தளர்ந்து மூச்சுக்குழாய் தட்டையாகிவிடும் நோய் பரவலாகக் காணப்படுகிறது. அத்தகைய நாய் இருமும்போது வாத்து கத்துவதைப் போல ஒலி வரும். தைராய்டு சுரப்பியும் தலைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் அதே இடத்தில்தான் உள்ளன. கழுத்துப்பட்டையை இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் உயர்கிறது என்றும், ஹார்னஸை இழுக்கும்போது அப்படி உயரவில்லை என்றும் 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே கண் அழுத்த நோயுள்ள நாய்களுக்குப் பட்டையில் லீஷ் மாட்டவே கூடாது. 2020இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக் கழுத்து ஒன்றில் பலவகைப் பட்டைகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். அவற்றுள் எந்தப் பட்டையும், பலமாக இழுக்கும்போது கழுத்துக்குக் கேடு செய்யாத அளவுக்கு அழுத்தத்தைக் குறைக்கவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அகலமான, மெத்தை வைத்த பட்டை வாங்கிவிட்டால் நாய் எவ்வளவு இழுத்தாலும் கவலையில்லை என்று கடைக்காரர் சொன்னால், அதை நம்ப வேண்டியதில்லை.

உங்கள் நாய்க்கு நான் பரிந்துரைப்பது மார்ட்டிங்கேல் என்னும் வகை. கிரேஹவுண்ட் போன்று தலை ஒடுங்கிய வேட்டை நாய்களுக்குப் பரவலாகப் பயன்படுவது இது. பெரிய வளையமாகக் கழுத்தைச் சுற்றும் பட்டையின் இரு முனைகளிலும் உலோக வளையங்கள் இருக்கும்; அவற்றினூடே ஒரு சிறிய துணி வளையம் ஓடும்; லீஷ் அந்தச் சிறிய வளையத்தில் மாட்டப்படும். நாய் இழுக்காதபோது பட்டை தளர்ந்து தொங்கும். பின்னுக்கு இழுத்தால் சிறிய வளையம் பெரிய வளையத்தின் முனைகளை நெருங்க வைத்து, கழுத்தின் அளவுக்கு வந்து நின்றுவிடும். அதற்கு மேல் இறுகாது. அதனால்தான் கழுத்தை நெரிக்கும் சங்கிலியிலிருந்து இது வேறுபடுகிறது. ஆனால் அளவைச் சரியாக அமைத்தால்தான் இந்தப் பயன் கிடைக்கும். லீஷை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும்போது இரண்டு உலோக வளையங்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது, நடுவே இரண்டு விரல் அகலம் இருக்க வேண்டும். தொட்டுவிட்டால் பட்டை பெரியது. அது இறுகி முடிந்த பிறகும் தலை நழுவக்கூடும். மேலே சொன்ன கணக்குப்படி, தளர்ந்த நிலையில் 39 செ.மீ., இழுத்த நிலையில் 35 செ.மீ. என்று அந்தப் பழுப்பு நாய்க்கு அமைத்திருக்கிறோம்.

ஒரு கடுமையான எச்சரிக்கையும் உண்டு. மார்ட்டிங்கேலை வீட்டில் நாயின் கழுத்தில் விட்டுவைக்காதீர்கள். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் கிரில் கதவு இல்லாத வாசல் அரிது. தொங்கும் சிறிய வளையம் அதன் கம்பி முனையில் மாட்டிக்கொண்டால், நாய் திமிறத் திமிற அது கழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். நடை முடிந்து வாசலுக்குள் நுழைந்ததும் கழற்றி, லீஷோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிடுங்கள். வீட்டில் அணிவிக்க, பெயர்வில்லை தொங்கும் மெல்லிய சாதாரணப் பட்டை ஒன்று தனியாக இருக்கட்டும். அது நழுவினாலும் கேடில்லை, ஏனெனில் அதில் லீஷ் மாட்டப் போவதில்லை. இரண்டு பட்டை எதற்கு என்று எங்கள் காப்பகத்துக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. அடையாளம் காட்டுவதும் நாயைப் பிடித்து நிறுத்துவதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். ஒரே பட்டை இரண்டையும் செய்ய முனைவதால்தான் இத்தனை தொல்லை.

நடையின்போது நாய் தொடர்ந்து இழுக்கிறது என்றால் மார்ட்டிங்கேலும் போதாது. மார்பின் முன்பக்கம் வளையம் உள்ள ஹார்னஸைப் பயன்படுத்தி, இழுக்காமல் நடக்கப் பழக்க வேண்டும். பக் போன்ற முகம் தட்டையான நாய்களுக்கும், மூச்சுக்குழாய்த் தளர்ச்சி உள்ள சிறிய நாய்களுக்கும் நான் ஹார்னஸைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. முட்பட்டையையும் நெரிக்கும் சங்கிலியையும் பற்றி யாராவது உங்களுக்கு அறிவுரை சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், பின்பற்றாதீர்கள்.

பட்டை எதனால் செய்யப்பட்டது என்பது நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் மிக முக்கியம். தோல் பட்டை பார்க்க அழகாக இருக்கும்; உடல் சூட்டில் நாளடைவில் கழுத்துக்கேற்ப வளைந்தும் கொடுக்கும். ஆனால் கோலாலம்பூரின் மாலை மழையில் இரண்டு நாள் நனைந்தால் மூன்றாம் நாள் அதன் உட்புறத்தில் வெண்பூஞ்சை பூத்துவிடும். நைலான் மலிவு, உறுதியானது. ஆனால் நனைந்தால் மெல்லவே காய்கிறது, ஈரப்பட்டை நாள் முழுவதும் தோலோடு ஒட்டிக் கிடந்தால் அங்கே தோல் சிவந்து நீர்கசியும் புண் வரும். உங்கள் நாயின் கழுத்து முடி உதிர்ந்ததற்கு இறுக்கத்தோடு இந்த ஈரமும் சேர்ந்திருக்கலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள வார்ப்பட்டைகள் இப்போது கிடைக்கின்றன. துணியால் துடைத்தால் காய்ந்துவிடும், நாற்றமும் பிடிக்காது. இங்கே என் முதல் தேர்வு அதுதான். எந்தப் பட்டையானாலும் இரவில் கழற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் காய வையுங்கள். கழற்றும்போது அந்த இடத்து முடியை விலக்கி விரலால் தடவிப் பாருங்கள். உண்ணிகள் பட்டையின் அடியில் ஒளிந்துகொள்வதை மிகவும் விரும்பும். மிளகளவு இருப்பது சில நாளில் சுண்டைக்காய் அளவுக்கு ஊதியிருக்கும். அகலத்தைப் பொறுத்தவரை, 14 கிலோ நாய்க்கு இரண்டு முதல் இரண்டரை செ.மீ. பொருத்தம்.

உலோகப் பாகங்களை நான் உற்றுப் பார்ப்பதற்கு ஒரு பழைய அனுபவம் காரணம். இரவுச் சந்தையில் ஒருமுறை பளபளப்பான சிவப்புப் பட்டை ஒன்றை வாங்கினேன். லீஷ் மாட்டும் அரைவட்ட வளையம் ஒரு கம்பியை வளைத்துச் செய்ததாக இருந்தது. இரு முனையும் தொடும் இடத்தில் பற்றவைப்பு இல்லை. மூன்றாவது வாரம் பூனையைக் கண்டு நாய் பாய்ந்தபோது அந்த வளையம் பாக்குவெட்டியைப் போலத் திறந்துகொண்டது. என் கையில் லீஷ் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து வளையத்தைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்ப்பேன். எங்கேனும் கீறல்போல் ஒரு பிளவு தட்டுப்பட்டால் அந்தப் பட்டை வேண்டாம். பினாங்கில் பத்து பிரிங்கி போலக் கடற்கரை ஓரம் வசிப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகோ பித்தளையோ கேட்டு வாங்க வேண்டும்; உப்புக்காற்று மற்றதை விட்டுவைப்பதில்லை. துளைகளுள்ள பட்டையானால் நடுத்துளையில் பூட்டும்படியான நீளத்தைத் தேர்ந்தெடுங்கள், இரு பக்கமும் இடம் இருக்கும்.

ஏழு மாதம் என்றால் உங்கள் நாய் இன்னும் வளரும். உயரம் நின்ற பிறகும் கழுத்து ஒரு வயது, ஒன்றரை வயது வரை திரண்டுகொண்டே இருக்கும். குட்டிகளுக்கோ வாரம் இருமுறை சோதித்தாலும் மிகையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் காப்பகத்துக்கு ஒரு பெண் நாயைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் பட்டையோ சங்கிலியோ எதுவும் தெரியவில்லை, நாற்றம் மட்டும் வந்தது. முடியை மழித்துப் பார்த்தபோது கழுத்தைச் சுற்றி ஒரு கோடு போலப் புண். அதற்குள்ளே, சதை மூடிய நிலையில், ஒரு கறுப்புக் கயிறு. குட்டியாக இருந்தபோது கண்ணேறு படக் கூடாதென்று யாரோ அன்போடுதான் கட்டியிருப்பார்கள். நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. மருத்துவர் அதை வெட்டி எடுத்த பிறகு புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நம் வீடுகளில் குட்டியின் கழுத்தில் கயிறோ மணியோ கட்டும் வழக்கம் இன்னும் இருப்பதால் இதைச் சொல்கிறேன். கட்டத்தான் வேண்டுமென்றால் பட்டையில் கட்டுங்கள், பட்டையைக் கழற்றும்போது அதுவும் கழலும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு, விலங்கைக் கொடுமைக்குள்ளாக்கும் குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு.

வீட்டுப் பட்டையில் தொங்கும் வில்லையைப் பற்றியும் இரண்டு சொல். கோலாலம்பூர் மாநகர் மன்ற எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் வேண்டும். உரிமத்தோடு வில்லை தந்தால் அதையும், உங்கள் தொலைபேசி எண் பொறித்த இன்னொன்றையும் மாட்டிவிடுங்கள். மைக்ரோசிப் போட்டிருந்தாலும் எண் வேண்டும், ஏனெனில் நாயைக் கண்டெடுக்கும் அண்டைவீட்டாரிடம் சிப்பைப் படிக்கும் கருவி இருக்காது. 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியதாக அறிவிக்கப்பட்டுத் தெருநாய்கள் பிடித்துக் கொல்லப்பட்டபோது, வீட்டு நாயைச் சிறிது நேரம் வெளியே விடவும் எங்கள் வட்டாரத்தில் பலர் அஞ்சினார்கள். அதுவரை பட்டையே கட்டாமல் வளர்த்தவர்கள் அந்த மாதத்தில்தான் கட்டினார்கள்.

பட்டாசு இரவுகளைப் பொறுத்தவரை உங்களுக்குத் தீபாவளி என்றால், எங்களுக்குச் சீனப் பெருநாளின் எட்டாம் இரவு. ஹொக்கியன் மக்கள் தெய்வப் பேரரசரின் பிறந்தநாளை வரவேற்று நள்ளிரவில் வெடிக்கும் வெடி தீவு முழுவதும் கேட்கும். அத்தகைய நாள்களில் நாயைப் பொழுது சாயும்முன்பே நடத்திவிட்டு உள்ளே வைத்துக்கொள்கிறோம். வெளியே போயே தீர வேண்டுமென்றால் ஹார்னஸில் ஒரு லீஷ், மார்ட்டிங்கேலில் ஒரு லீஷ் என்று இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்கிறோம். ஒன்று நழுவினாலும் மற்றது நிற்கும்.

அளந்த நூலை எறிந்துவிடாதீர்கள். கழுத்துக்கு ஒரு முடிச்சு, தலைக்கு ஒரு முடிச்சு போட்டு, லீஷ் தொங்கும் அதே ஆணியில் மாட்டி வையுங்கள். அடுத்த மாதம் முதல் வாரத்தில் அதே நூலைக் கழுத்தில் சுற்றிப் பார்த்தால், முடிச்சு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.